மெது ஓட்டத்தில் திணறும் டீசல் வண்டி: பம்பை இறக்குமுன் பார்க்க வேண்டியவை

மலைத் தோட்டக் காய்கறி விவசாயத்தில் மண்வெட்டிக்கும் கொத்துக்கும் அடுத்த கருவி வண்டியே ஆகும். நீலகிரியில் விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மலை இறங்கி மேட்டுப்பாளையம் மண்டியை உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும். வண்டி வழியில் நின்றால் அன்றைய விலை போய்விடும். கொண்டை ஊசி வளைவில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

1973-இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்த பின்னர், பெட்ரோல் ஜீப்புகளிலும் சிறு லாரிகளிலும் டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் பெருகியது. அவ்வாறு மாற்றி அமைத்த பழைய வண்டிகள் சில தோட்டங்களில் இன்றும் உழைத்து வருகின்றன. இவற்றில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. வண்டி நிற்கும்போது, ஆக்சிலேட்டரில் கால் வைக்காத நிலையில், எஞ்சின் ஒரே சீராக ஓடுவதில்லை. வேகம் ஏறுகிறது, இறங்குகிறது, சில வேளைகளில் அடங்கி நின்றும் விடுகிறது. பணிமனைகளில் 'ஸ்லோ' என்றும் 'ஐடிலிங்' என்றும் வழங்கும் இந்த மெது ஓட்டத்தைச் சரிசெய்ய, பெரும்பாலோர் முதலில் செய்வது டீசல் பம்பை இறக்குவதுதான். உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

ஒரு வண்டியின் அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் கேரட் பயிரிடும் விவசாயி ஒருவரிடம் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் பொருத்திய பழைய சிறு லாரி ஒன்று இருந்தது. மாற்றத்தின்போது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்த எண்ணெய்த் தொட்டியைச் சட்டத்தின் பக்கவாட்டில், தாழ்வாக, பெரிய தொட்டியாக வைத்துவிட்டனர். ஓராண்டு நன்றாக ஓடிய வண்டி பின்னர் திணறத் தொடங்கியது. நிறுத்தினால் எஞ்சின் ஊஞ்சல்போல் ஏறி இறங்கும். மலை இறக்கத்தில் கிளட்ச்சை மிதித்தால் சில சமயம் அணைந்துவிடும்.

இதில் உள்ள ஆபத்தைப் பலர் உணர்வதில்லை. பிரேக் மிதியை இலேசாக்கும் வெற்றிட உதவி, டீசல் வண்டிகளில் எஞ்சினால் சுழலும் ஒரு சிறு பம்பிலிருந்தே கிடைக்கிறது. எஞ்சின் அணைந்தால் ஓரிரு மிதிகளுக்குள் அந்த உதவி தீர்ந்து, மிதி கல்லாக இறுகிவிடும். மூட்டைப் பாரத்துடன் இறக்கத்தில் செல்லும் வண்டிக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

அந்த விவசாயி முதலில் மெது ஓட்டத் திருகைச் சற்று முடுக்கி வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். வண்டி அணைவது குறைந்தது; ஏற்ற இறக்கம் நிற்கவில்லை. பிறகு டீசல் பம்பு இறக்கப்பட்டு, அளவு சரிபார்க்கப்பட்டுத் திரும்பி வந்தது. ஒரு போகத்து உரச் செலவு அதில் போயிற்று. திணறல் மட்டும் போகவில்லை.

இறுதியில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டி சென்றது. அவர் வண்டியின் மூடியைத் திறக்குமுன் கேட்ட கேள்வி இதுதான்: "ஏனுங்க, பம்பு இருக்கட்டும். எஞ்சின் மாத்தறப்போ புதுசா என்னென்ன வெச்சாங்க, எதையெல்லாம் இடம் மாத்தினாங்க? அதை முதல்ல சொல்லுங்க."

மாற்றி அமைத்த எந்த வண்டிக்கும் இதுவே சரியான தொடக்கம். எஞ்சினும் பம்பும் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்யப்பட்டவை. தொட்டி, குழாய், ஆக்சிலேட்டர் கம்பி, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் ஆகியவை பட்டறையில் கைவாகாக வைக்கப்பட்டவை. பழுதை முதலில் தேட வேண்டிய இடம் பின்னதே.

எஞ்சின் ஏன் ஊசலாடுகிறது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதன் பருமனில் பதினாறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக அழுத்தும்போது 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் வெப்பம் உண்டாகிறது. அதில் நுண்ணிய தூறலாகத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றி எரிகிறது. வேகம் கூடுவதும் குறைவதும் தெளிக்கப்படும் டீசலின் அளவைப் பொறுத்தவை.

அந்த அளவைக் காப்பது பம்பில் உள்ள 'கவர்னர்'. சுழலும் எடைக் குண்டுகள் வேகம் கூடும்போது வெளியே விரிந்து டீசலைக் குறைக்கின்றன. வேகம் குறையும்போது உள்ளே ஒடுங்கி டீசலைக் கூட்டுகின்றன. நீராவி எஞ்சினுக்கு 1788-இல் ஜேம்ஸ் வாட் பயன்படுத்திய முறையும் இதுவே. சில கவர்னர்கள் ஏன் நிலைகொள்ளாமல் ஊசலாடுகின்றன என்பதை 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற இயற்பியல் அறிஞர் கணித முறையில் விளக்கினார்.

உழவர்களுக்கு இது புதிய செய்தியன்று. சின்ன வெங்காயம் விலை ஏறியதும் எல்லோரும் வெங்காயம் நடுகின்றனர். அறுவடைக்கு வரும்போது விலை சரிகிறது. உடனே எல்லோரும் கைவிடுகின்றனர். மறுபடி விலை ஏறுகிறது. விலையைக் கண்டு எடுக்கும் முடிவு சந்தையை அடையக் காலதாமதம் ஆவதே இந்த ஊசலுக்குக் காரணம். எஞ்சினிலும் அப்படியே. கவர்னரின் ஆணைக்கும் டீசல் சேர்வதற்கும் இடையில் தளர்வோ, இறுக்கமோ, காற்றுக் குமிழோ புகுந்தால் ஆணை தாமதமாகிறது. குறைக்க வேண்டிய நேரத்தில் கூடுகிறது. கூட்ட வேண்டிய நேரத்தில் குறைகிறது. ஆகவே ஊசலாட்டம் கண்டவுடன் கவர்னரே கெட்டுவிட்டது என்று கருதுவது தவறு. கவர்னர் தன் கடமையைச் செய்தும் ஊசல் உண்டாகலாம்.

காதால் பிரித்தறிதல்

எஞ்சின் நன்கு சூடேறிய பின், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஓசையைக் கவனிக்க வேண்டும். வேட்டியும் துண்டும் விசிறி வாரில் சிக்காதபடி இறுக்கிக் கட்டிக்கொள்ளுதல் அவசியம். மூன்று வகைத் திணறல்கள் உண்டு.

முதலாவது, சீரான ஏற்ற இறக்கம். சில விநாடிகளுக்கு ஒருமுறை, தாளம் தவறாமல் வேகம் ஏறி இறங்கும். ஆக்சிலேட்டர் கம்பியின் குறை, டீசலில் சிறிதளவு காற்று, கவர்னர்த் தேய்மானம் ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

இரண்டாவது, ஒழுங்கற்ற தட்டல். வண்டி முழுவதும் உலுக்கும். ஓசையில் இடையிடையே ஒரு அடி விடுபடும். ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது இதன் பொருள்.

மூன்றாவது, மெல்ல மெல்ல அடங்கி நின்றுவிடுதல். எஞ்சினுக்குத் தேவையான டீசல் வந்து சேரவில்லை. வடிகட்டி அடைப்பு, தொட்டி மூடியில் காற்றுத் துளை இன்மை, குழாயில் காற்று ஆகியவற்றை இதற்குத் தேட வேண்டும்.

முதல் சோதனை: ஆக்சிலேட்டர் கம்பி

செலவே இல்லாத சோதனை இது. பம்பின் ஆக்சிலேட்டர் நெம்புகோலிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு, நெம்புகோல் மெது ஓட்டத் திருகின்மீது முழுமையாகச் சாய்ந்து நிற்கும்படி விட வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கலாம். ஊசல் நின்றுவிட்டால் பம்பில் குறையில்லை; குறை கம்பியில் உள்ளது.

மேற்சொன்ன சிறு லாரியில் நடந்ததும் இதுவே. கம்பியைக் கழற்றியவுடன் எஞ்சின் அமைதியாக ஓடியது. மாற்றி அமைத்தபோது ஆக்சிலேட்டருக்கு வளையாத இரும்புக் கம்பி ஒன்றைப் பொருத்தியிருந்தனர். அதன் ஒரு முனை வண்டியின் உடலில். மறுமுனை எஞ்சின்மேல் உள்ள பம்பில். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களில் ஒன்று வெடித்திருந்ததால், எஞ்சின் பக்கவாட்டில் ஆடியது. ஆடும்போது கம்பி நெம்புகோலை இழுத்தது, வேகம் ஏறியது. வேகம் ஏறியதும் எஞ்சின் மறுபக்கம் சாய, கம்பி தளர்ந்தது, வேகம் இறங்கியது. யாரும் மிதிக்காமலே எஞ்சின் தன்னைத் தானே முடுக்கியும் தளர்த்தியும் கொண்டிருந்தது. இந்நிலையில் பம்பை எத்தனை முறை இறக்கினாலும் பயன் இராது.

இதற்குத் தீர்வு இரண்டு. வெடித்த தாங்கு ரப்பர்களை மாற்றுதல் ஒன்று. இரும்புக் கம்பிக்குப் பதிலாக உறையுள்ள வளையும் கேபிள் போடுதல் மற்றொன்று. கேபிளின் உறையை எஞ்சினிலேயே பொருத்திய பிடியில் நிறுத்தி, வண்டி உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையில் சற்று வளைவாக விட வேண்டும். அப்போது எஞ்சின் ஆடினாலும் நெம்புகோல் அசையாது. மீட்சிச் சுருளின் வலுவையும், நெம்புகோல் அச்சில் சேறும் பழைய மசகும் இறுகியுள்ளனவா என்பதையும் இதே சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் சோதனை: காற்று

டீசலை அழுத்தினால் ஏறத்தாழ அதன் பருமன் குறைவதில்லை. காற்றை அழுத்தினால் சுருங்கும். குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் பம்பின் அழுத்தம் அதைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. மெது ஓட்டத்தில் தெளிக்கப்படும் டீசல் மிகச் சிறிதளவே ஆதலால், சிறு குமிழும் அப்போது பெரிய குறையாகத் தெரிகிறது. வேகமாக ஓட்டும்போது குறை மறைந்துவிடுவதும் இதனாலேயே.

காற்று எங்கே நுழைகிறது என்று தேடுவோர் டீசல் ஒழுகும் இடத்தைத் தேடுவது வழக்கம். இது பெரும் பிழை. தொட்டியிலிருந்து ஊட்டும் பம்பு வரை உள்ள பகுதியில் எஞ்சின் ஓடும்போது உறிஞ்சு நிலையே உள்ளது. அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிர, டீசல் வெளியே வராது. குழாய் வறண்டு சுத்தமாகவே தோன்றும். தொட்டி தாழ்வாக வைக்கப்பட்டிருந்தால் உறிஞ்சு நிலை இன்னும் கூடுகிறது. இரவில் குழாயிலுள்ள டீசல் தொட்டிக்கே திரும்பிவிடுவதால் காலையில் எஞ்சின் பிடிக்க நேரமாகும். இந்த அறிகுறி கண்டால் உறிஞ்சு பகுதியில் ஓட்டை உண்டு என்று ஐயுறலாம்.

இதைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. சுத்தமான தகரக் குடுவை ஒன்றில் வடிகட்டிய டீசலை ஊற்றி, எஞ்சினைவிட உயரமான இடத்தில், புகைக்குழாயின் சூடு படாதவாறு கட்டித் தொங்கவிட வேண்டும். தொட்டிக் குழாயைக் கழற்றிவிட்டு, குடுவையிலிருந்து புதிய ரப்பர் குழாய் வழியாக ஊட்டும் பம்புக்கு நேராக டீசல் கொடுத்து, காற்றை வெளியேற்றி, எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். மெது ஓட்டம் சீரானால் குறை தொட்டியிலோ அதன் குழாயிலோதான்.

அடுத்து எஞ்சினை நிறுத்தி, ஊட்டும் பம்பின் பக்கம் உள்ள குழாய் முனையை அடைத்துவிட்டு, தொட்டிப் பக்க முனையில் குடுவையை இணைக்க வேண்டும். இப்போது குழாயில் உறிஞ்சு நிலைக்குப் பதிலாக மேலிருந்து டீசலின் அழுத்தம் இருக்கும். காற்று நுழைந்த வழியாகவே டீசல் வெளியே கசிந்து இடத்தைக் காட்டிக் கொடுக்கும். சிறு லாரியில் இவ்வாறுதான் இரண்டாவது குறை அகப்பட்டது. சட்டத்தின் குறுக்கு இரும்பில் உராய்ந்து, கிளிப்புக்கு அடியில் குழாயில் ஊசித் துளை விழுந்திருந்தது. கம்பிக்குப் பின்னால் இந்தக் குறை மறைந்திருந்தது. இறக்கத்தில் வண்டி அணைந்ததற்கு இதுவும் காரணம்.

ரப்பர் குழாய்களைக் கட்டுக் கம்பியால் முறுக்கிக் கட்டுவது சரியன்று. கம்பி ரப்பரை ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் இடைவெளி விடும். உரிய அளவுத் திருகுக் கிளிப்புகளையே போட வேண்டும். டீசலுக்கென்று செய்த குழாயை வாங்க வேண்டும். தண்ணீர்க் குழாய் டீசலில் ஊறி உப்பிவிடும். சட்டத்தைத் தொடும் இடங்களில் ரப்பர்ப் பட்டை கொடுத்துக் குழாயை நிறுத்தினால் உராய்வு ஏற்படாது.

காற்றை வெளியேற்றும் முறை

குழாய், வடிகட்டி எதைக் கழற்றிப் பூட்டினாலும் காற்றை வெளியேற்றியாக வேண்டும். வரிசை மாறினால் வேலை இருமடங்காகும்.

1. தொட்டியில் போதிய டீசல் உள்ளதைப் பார்த்துக்கொண்டு, திறக்கப் போகும் திருகுகளைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைக்க வேண்டும். நூல் பிரியும் கழிவுப் பஞ்சு கூடாது. நல்ல துணியே ஏற்றது.

2. முதல் வடிகட்டியின் காற்றுத் திருகைத் தளர்த்தி, ஊட்டும் பம்பின் கைப்பிடியை அடிக்க வேண்டும். நுரையுடன் வரும் டீசல் குமிழில்லாமல் வரும்போது, அடித்துக்கொண்டே திருகை இறுக்க வேண்டும்.

3. இரண்டாம் வடிகட்டியிலும், அதன்பின் டீசல் பம்பின் காற்றுத் திருகிலும் இதையே செய்ய வேண்டும்.

4. அப்படியும் எஞ்சின் பிடிக்காவிட்டால், இன்ஜெக்டர் பக்கம் உள்ள குழாய் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரால் சுழற்றி, டீசல் தெறித்தவுடன் இறுக்க வேண்டும்.

காற்றை வெளியேற்றிய பின் ஓரிரு நாள்களிலேயே மீண்டும் திணறினால், காற்று புதிதாக நுழைந்துகொண்டிருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் நாள்தோறும் காற்றை எடுப்பது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் ஈரத்துணி போடுவதற்கு ஒப்பாகும்.

வடிகட்டி, தொட்டி மூடி, தண்ணீர்

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பின்னர் அடங்கும் வண்டியில் முதலில் தொட்டி மூடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். உஸ்ஸென்ற ஒலியுடன் காற்று உள்ளே சென்று, வண்டி உடனே சீராக ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டுள்ளது என்று பொருள். மாற்றி அமைத்தபோது துளையே இல்லாத மூடியைப் பொருத்திவிடுவதும் உண்டு.

மலைப் பகுதியின் குளிர் இரவுகளில், பாதி காலியான தொட்டிக்குள் ஈரக் காற்று குளிர்ந்து நீர்த்துளியாகப் படிகிறது. ஆகவே வேலை முடிந்த மாலையிலேயே தொட்டியை நிரப்பி வைப்பது நல்லது. வடிகட்டியின் அடிக் கிண்ணத்தில் சேரும் நீரை வாரம் ஒருமுறை வடித்துவிட வேண்டும். பீப்பாயில் டீசல் வைத்திருப்போர் அதை அசைக்காமல் ஒரு நாள் தெளிய விட்டு, அடியில் நான்கு விரற்கடை விட்டு மேலாக எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் வழவழப்புக் குறைந்து பம்பின் உறுப்புகளைத் தேய்த்துவிடும். இந்த உறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகளே. கண்ணுக்குத் தெரியாத தூசியும் அவற்றுக்குப் பகையாகும்.

எந்தச் சிலிண்டர் உழைக்கவில்லை?

இரண்டாவது வகைத் திணறலுக்கு ஒரு சோதனை உண்டு. மெது ஓட்டத்தில், பம்பிலிருந்து ஒரு இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாய் நட்டை மட்டும் சிறிது தளர்த்த வேண்டும். எஞ்சின் ஓசை மாறி வேகம் தாழ்ந்தால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது என்று அறியலாம். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும். எதைத் தளர்த்தியும் மாற்றம் தெரியவில்லையோ, குறை அந்தச் சிலிண்டரில்தான். அதன் இன்ஜெக்டரை மட்டும் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினால் போதும். இன்ஜெக்டரை மீண்டும் பொருத்தும்போது பழைய செம்பு வாஷர் குழியிலேயே தங்கியிருக்க, அதன்மேல் புதியதைப் போட்டுவிடாமல் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் நன்றாக இருந்தும் குறை நீடித்தால் வால்வு இடைவெளியையும் சிலிண்டர் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, இன்ஜெக்டரிலிருந்து தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும் வேகம் உடையது. கையால் தடுத்துப் பார்க்கக் கூடாது. அவ்வாறு பட்டுவிட்டால் காயம் ஊசிக் குத்துப்போல் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, இச்சோதனை பழைய முறைப் பம்பு உள்ள எஞ்சின்களுக்கு மட்டுமே. மின்னணு முறையில் இயங்கும் 'காமன் ரயில்' எஞ்சின்களின் குழாயில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் நிற்கக்கூடும். அவற்றில் ஓடும்போது எந்த நட்டையும் தொடக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதியின்கீழ் வந்துள்ள புதிய வண்டிகளைக் கணினிக் கருவி உள்ள பணிமனைக்கே கொண்டு செல்ல வேண்டும்.

மூன்றாவது, சில பழைய சிறு டீசல் எஞ்சின்களில் குண்டுகளுக்குப் பதிலாகக் காற்று வெற்றிடத்தால் இயங்கும் கவர்னர் உண்டு. காற்றுக் குழாயிலிருந்து பம்புக்குச் செல்லும் மெல்லிய குழாயால் இதை அடையாளம் காணலாம். அந்தக் குழாய் வெடித்தாலோ, உள்ளே உள்ள தோல் சவ்வு காய்ந்து கிழிந்தாலோ மெது ஓட்டம் ஊசலாடும். ஓடும்போது அக்குழாயைப் பிடுங்கினால் பம்பு முழு டீசலையும் கொடுத்து எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். ஆகவே எஞ்சினை நிறுத்திய பின்பே அதைத் தொட வேண்டும்.

புகை சொல்லும் செய்தி

கரும்புகை வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு; காற்று வடிகட்டியை முதலில் பார்க்க வேண்டும். சூடேறிய பின்னும் வெண்புகை வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. இன்ஜெக்டர், அழுத்தம் ஆகியவை ஐயத்துக்குரியவை. நீலப் புகை வந்தால் மசகு எண்ணெய் எரிகிறது. உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கென்று டீசல் அளவு வைத்த பம்பு அங்கே பாரம் இழுக்கும்போது கரும்புகை விடுவது இதனால்தான். பம்பைச் சரிபார்க்கக் கொடுக்கும்போது, வண்டி மலையில் ஓடுவது என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

திருகைத் தொடுவது எப்போது?

மேற்சொன்னவை எல்லாம் முடிந்த பின்பே மெது ஓட்டத் திருகைத் தொடலாம். எஞ்சின் தயாரிப்பாளர் குறித்த வேகமே சரியான வேகம். இத்தகைய எஞ்சின்களுக்கு அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 650 முதல் 850 சுற்றுகளுக்குள் இருக்கும். குறையை மறைக்க வேகத்தைக் கூட்டி வைப்பது மலைப் பாதையில் கேடு. காலை எடுத்த பின்னும் எஞ்சின் வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சினால் கிடைக்கும் தடை குறைந்து, பிரேக்குகள் சூடேறும். முத்திரையிட்ட உச்ச வேகத் திருகை எக்காரணத்தாலும் தொடக் கூடாது.

எல்லாச் சோதனைகளுக்குப் பின்னும் சீரான ஊசல் நீடித்தால் மட்டுமே கவர்னரில் தேய்மானம் என்று முடிவு செய்து பம்பை இறக்கலாம். அதைச் சோதனை மேடை உள்ள பணிமனையில்தான் பிரிக்க வேண்டும்.

பதிவும் அனுமதியும்

எஞ்சின் மாற்றம் பட்டறையோடு முடிவதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களை ஒழுங்குபடுத்துகிறது. எஞ்சினையும் எரிபொருளையும் மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று, பதிவுச் சான்றில் குறிக்கச் செய்ய வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிடில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவதில் சிக்கல் எழும். பழைய வண்டியை வாங்குவோர் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கேரட் விவசாயியின் சிறு லாரிக்கு ஆன செலவு இரண்டு தாங்கு ரப்பர்கள், ஒரு கேபிள், சில அடி குழாய், நான்கு கிளிப்புகள், ஒரு நாள் கூலி. கூட்டி வைத்த திருகும் பழைய நிலைக்கு இறக்கப்பட்டது. பம்புக்குச் செலவான தொகை திரும்ப வரவில்லை. இப்போது அவர் வண்டியில் எதை மாற்றினாலும் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். அடுத்த முறை குறை வந்தால் தேடலைத் தொடங்க வேண்டிய பக்கம் அதில் இருக்கும்.

டிராக்டரும் கிணற்றடி ஆயில் எஞ்சினும் வைத்திருக்கும் உழவர்களுக்கும் இந்த வரிசை பொருந்தும். முதலில் கம்பி, பிறகு தொட்டியும் குழாயும், அதன்பின் வடிகட்டி, அதற்கும் பிறகு இன்ஜெக்டர், கடைசியில் பம்பு. செலவில்லாத சோதனை முதலிலும் செலவு மிகுந்த வேலை கடைசியிலும் அமையும்படி இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் பணமும் மிஞ்சும், மலை இறங்கும் வண்டியும் பத்திரமாக மண்டி சேரும்.